மோஷன் சென்சார் தகராறு: சீர்செய்வதா, மாற்றுவதா, கேபிளைப் புதிதாக இழுப்பதா, வயர்லெஸ்ஸுக்குப் போவதா?

"ஏனுங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு ஆளே இல்லாம அலாரம் கத்துதுங்க. சென்சாரை மாத்திப் போட்டாச் செரியாயிருமுங்களா, இல்ல மொத்தமா வயர்லெஸ்ஸே போட்டறலாமுங்களா?" காங்கேயத்திலிருந்தும் கோபியிலிருந்தும் கோவை நகரத்து மாடி வீடுகளிலிருந்தும் அலாரம் வேலை பார்க்கும் எனக்கு வருகிற கேள்வி இதுதான். கேட்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு முறை பணம் செலவழித்துவிட்டுக் கேட்கிறார்கள்.

முன்பு நகைக்கடை, வங்கி, பனியன் கம்பெனிக் கிடங்கு என்று நின்றிருந்த திருட்டு அலாரம் இப்போது தோட்டத்துச் சாளை வரைக்கும் வந்துவிட்டது. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டன்பாளையத்திலும், 2025-இல் சிவகிரி அருகிலும் தோட்டத்து வீடுகளில் இருந்தவர்கள் கொல்லப்பட்ட பிறகு, வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பெற்றோர் வீட்டுக்கு முதலில் செய்ய நினைக்கிற காரியமாக அது ஆகியிருக்கிறது. அப்படி மாட்டிய அலாரம் நான்கு இரவு பொய்யாகக் கத்தினால், ஐந்தாம் இரவு அதை அணைத்து வைத்துவிட்டுத்தான் தூங்குவார்கள். சென்சார் பழுதை நான் சின்ன விஷயமாக நினைக்காததற்கு அதுவே காரணம்.

சுவருக்குள் கேபிள் ஓடும் வயர்டு அலாரத்தில், ஆள் நடமாட்டத்தை உணரும் மோஷன் சென்சார் தகராறு செய்தால் உங்கள் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. இருப்பதையே சீர்செய்வது, சென்சாரை மட்டும் மாற்றுவது, கேபிளை மாற்றுவது, அந்த இடத்துக்கு வயர்லெஸ் போடுவது.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது செலவு. கடையில் சொல்லும் சென்சார் விலை அதில் ஒரு பகுதிதான். கூலி, சுவரைக் கொத்தினால் பூச்சும் பெயிண்டும், அலாரத்தின் மூளையான பேனலைத் திரும்ப புரோகிராம் செய்வதற்கான அழைப்புக் கட்டணம், சில வருடத்துக்கு ஒரு முறை வரும் பேட்டரிச் செலவு ஆகிய எல்லாவற்றையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது நம்பகம், அதுவும் இரு பக்கமும். ஆள் இல்லாதபோது கத்தாமல் இருப்பதை மட்டும் எல்லோரும் கேட்கிறார்கள். ஆள் வந்தால் கட்டாயம் கத்துமா என்று கேட்பவர்கள் குறைவு. பொய்க் கத்தலை அடக்குவதற்காகச் செய்யும் பல வேலைகள் சென்சாரின் கண்ணையும் மங்க வைத்துவிடுகின்றன.

மூன்றாவது நம் ஊரின் தட்பவெப்பம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்று, ஈரோடு, கரூர்ப் பக்கம் நாற்பது டிகிரியைத் தொடும் சித்திரை வெயில், கோடை மழையோடும் ஐப்பசி மழையோடும் வரும் இடி, மோட்டார் ஓடும்போது இறங்கி ஏறும் வோல்டேஜ் ஆகிய நான்கையும் தாங்க வேண்டும்.

நான்காவது, அந்த வீட்டில் இருப்பவரால் அதைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்பது. எழுபது வயதுக்காரர் ஏணி வைத்து ஏறிப் பேட்டரி மாற்றுவார் என்ற நம்பிக்கையில் எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

## முடிவெடுக்கும் முன், பழுது எங்கே என்று தெரிய வேண்டும்

இந்தப் பகுதி நீளமாக இருக்கும். நான்கு வழிகளில் எது சரி என்பதைப் பாதிக்கு மேல் இதுவே தீர்மானிக்கிறது.

வீடுகளில் இருக்கும் சாதாரண மோஷன் சென்சார் பி.ஐ.ஆர். வகையைச் சேர்ந்தது. அது தானாக எந்தக் கதிரையும் அனுப்புவதில்லை. உடம்பிலிருந்து வரும் வெப்பக் கதிரை வாங்கிப் பார்ப்பதோடு சரி. முன்னால் இருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் லென்ஸ் அறையைப் பல விசிறிப் பட்டைகளாகப் பிரிக்கிறது. ஆள் ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்கு நகரும்போது, உள்ளே அடுத்தடுத்து இருக்கும் இரண்டு உணர் துண்டுகளில் படும் வெப்பம் மாறி மாறி ஏறி இறங்குகிறது. அந்த வித்தியாசத்தைத்தான் சென்சார் நடமாட்டம் என்று எடுத்துக்கொள்கிறது. ஆகவே குறுக்கே நடப்பவரை அது சட்டென்று பிடிக்கும். நேராகத் தன்னை நோக்கி வருபவரைப் பிடிக்கத் தாமதிக்கும்.

பேனலுக்கும் சென்சாருக்கும் இடையே நான்கு அல்லது ஆறு இழைக் கேபிள் ஓடுகிறது. இரண்டு இழையில் 12 வோல்ட் டி.சி. போகிறது, மற்ற இரண்டு, சென்சாருக்குள் இருக்கும் ரிலே என்ற மின்சுவிட்சின் மூடிய தொடர்பு வழியாகப் பேனலுக்குத் திரும்புகிறது. பல சென்சார்களில் இந்த ரிலே மின்சாரம் இருக்கும்வரை இழுத்துப் பிடித்து மூடியே இருக்கும். ஆள் நடமாடினாலும் அது திறக்கும், மின்சாரம் தடுமாறினாலும் திறக்கும். பேனலால் இந்த இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்க முடியாது. பொய்க் கத்தல்களில் கணிசமான பங்கு இங்கேதான் பிறக்கிறது.

எங்கள் தோட்டம் காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. நான் அப்போது மோட்டார் வயரிங் வேலை மட்டும் செய்துகொண்டிருந்தேன். அலாரம் மாட்டி ஐந்தாவது வருடம், ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், இருந்த சென்சார் இரவில் கத்த ஆரம்பித்தது. மாட்டிக் கொடுத்தவர் சென்சார் போய்விட்டது என்றார்; மாற்றினோம். மூன்று வாரத்தில் மறுபடி கத்தியது, மறுபடி மாற்றினோம். அப்பா மட்டும் ஒவ்வொரு முறையும் தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் நேரத்தை எழுதி, அதே ஆணியில் குத்தி வைத்திருந்தார். ஒருநாள் அந்தத் தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன்: 10.04, 2.01, 10.02, 2.03. தோட்டத்து மோட்டாருக்கான மும்முனை மின்சாரம் அப்போது முறை மாறி வந்த நேரங்கள் அவை. மின்சாரம் வந்ததும் எங்கள் ஆட்டோ ஸ்டார்ட்டரும் பக்கத்துத் தோட்டங்களின் ஆட்டோ ஸ்டார்ட்டர்களும் ஒன்றாக மோட்டாரை இழுக்க, வீட்டு வோல்டேஜ் சில நொடிகள் படுத்துவிடும். அந்த நொடிகளைத் தாங்க வேண்டிய பேனல் பேட்டரி செத்து வெகு நாளாகியிருந்தது. 12 வோல்ட் கீழே இறங்கியதும், கேபிளின் கடைசியில் இருந்த ஆசாரத்துச் சென்சாரின் ரிலே முதலில் கையை விட்டது. பேனலில் அதற்கான மஞ்சள் விளக்கு எத்தனையோ மாதமாக எரிந்துகொண்டிருந்தது. அதற்கு என்ன பொருள் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் விலை உள்ள பேட்டரியை மாற்றியதும் கத்தல் நின்றது. நாங்கள் கழற்றிப் போட்ட இரண்டு சென்சார்களும் நல்ல சென்சார்கள்.

ஆகவே சோதனையைப் பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலான பேனல் பெட்டிகளுக்குள் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி அளவுள்ள மூடிய ஈய-அமில பேட்டரி இருக்கும். நல்ல பேனல் அதை 13.6 முதல் 13.8 வோல்ட்டில் வைத்திருக்கும். வீட்டு மின்சாரத்தை நிறுத்தி அரைமணி நேரம் விட்டு அளக்கும்போது 12-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி முடிந்தது என்று வையுங்கள். இவ்வகைப் பேட்டரி மூன்று முதல் ஐந்து வருடம் உழைக்கும் என்பது 25 டிகிரிக் கணக்கு; அதற்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். தகரக் கூரைக்கடியிலோ பரண் மீதோ பேனலை வைத்திருப்பவர்கள் இரண்டு வருடத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பேனல் பெட்டிக்குள் 230 வோல்ட்டும் வருகிறது. பழக்கமில்லாதவர்கள் அதைத் திறக்காமல் எலக்ட்ரீசியனை வைத்துச் செய்வதே முறை.

அடுத்து, சென்சார் முனையில் மல்டிமீட்டரை வைத்து வோல்டேஜ் பாருங்கள். இங்கே ஒரு சிறு கணக்கு உதவும். அலாரம் கேபிளில் வழக்கமாக வரும் 0.22 சதுர மில்லிமீட்டர் செம்பு இழைக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 0.08 ஓம் மின்தடை. நாற்பது மீட்டர் ஓட்டத்துக்குப் போய்வர எண்பது மீட்டர், அதாவது ஆறரை ஓம் அளவு. ஒரு சென்சார் இழுப்பது பத்து முதல் இருபது மில்லிஆம்பியர்தான். ஆக, கேபிளில் கரையும் வோல்டேஜ் கால் வோல்ட்டைக்கூடத் தொடாது. பேனலில் 13.6 இருந்து சென்சாரில் 11 மட்டும் வந்தால், 'கேபிள் நீளம் அதிகமுங்க' என்று சொல்பவரை நம்ப வேண்டியதில்லை. நடுவே எங்கோ ஒரு இணைப்பு களிம்பேறிக் கிடக்கிறது. கூரைக்கு மேல் டேப் சுற்றிய முறுக்கைப் பிரித்தால், செம்பு பச்சையாகி, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்வதைப் பெரும்பாலும் காணலாம்.

மூன்றாவது சோதனை, பழுதை இரண்டாகப் பிளந்து பார்ப்பது. பேனலை டெக்னீஷியன் நிலைக்குக் கொண்டுவந்த பின், தகராறு செய்யும் ஜோனின் (பேனல் தனியாகக் கவனிக்கும் சென்சார் வழி) இரண்டு கம்பிகளைப் பேனலில் கழற்றி, அதற்குரிய முனை ரெசிஸ்டரை (வழி ஒழுங்காக இருக்கிறதா என்று பேனல் அறிய, அதன் கடைசியில் மாட்டும் சிறு மின்தடை) அங்கேயே மாட்டுங்கள். இந்த ரெசிஸ்டர் மதிப்பு பேனலுக்குப் பேனல் மாறும். 2,200 ஓம், 4,700 ஓம், 5,600 ஓம் ஆகியவை அடிக்கடி கண்ணில் படுபவை. ரெசிஸ்டர் மாட்டியும் இரவில் அதே ஜோன் கத்தினால் பழுது பேனலில். கத்தவில்லையென்றால் பேனல் தப்பியது. இப்போது கம்பிகளைத் திரும்பப் பேனலில் பூட்டி, சென்சார் முனையில் சென்சாரை விலக்கி அதே ரெசிஸ்டரை மாட்டுங்கள். இப்போது கத்தினால் பழுது கேபிளில். கத்தாவிட்டால் பழுது சென்சாரிலோ அது இருக்கும் இடத்திலோ இருக்கிறது.

கடைசியாக, சந்தேகமுள்ள சென்சாரையும் ஒழுங்காக வேலை செய்யும் வேறொரு சென்சாரையும் இடம் மாற்றி ஒரு வாரம் விடுங்கள். பழுது சென்சாரோடு போனால் சென்சார் கெட்டது. பழுது அந்த இடத்திலேயே நின்றால், புதுச் சென்சார் வாங்கினாலும் அங்கே கத்தத்தான் செய்யும்.

| தெரியும் அறிகுறி | பெரும்பாலான காரணம் | பொருந்தும் வழி |
|---|---|---|
| மோட்டார் இழுக்கும்போதும் மின்சாரம் போய் வரும்போதும் கத்துகிறது | செத்த பேட்டரி, களிம்பேறிய இணைப்பு | பேட்டரி, இணைப்புச் சீர். சென்சாரைத் தொட வேண்டாம் |
| காற்றுக் காலத்தில் மட்டும், அல்லது குறிப்பிட்ட வெயில் நேரத்தில் கத்துகிறது | மாட்டிய இடம் | இடமாற்றம், முடியாவிட்டால் டூயல் டெக் (இரட்டை உணரி உள்ள சென்சார்) |
| மழைக்குப் பிறகு கத்துகிறது, இரண்டு நாளில் அடங்குகிறது | கேபிளில் ஈரம் | கேபிள் |
| ஆள் நடந்தும் சென்சார் விளக்கு மின்னவில்லை | லென்ஸில் பெயிண்ட், கோடை வெப்பம், கெட்ட சென்சார் | சுத்தம், பிறகு புதுச் சென்சார் |
| இடி விழுந்த மறுநாளிலிருந்து தகராறு | மின்னல் பாய்ச்சல் | சென்சார் மாற்றம். வெளிக் கட்டடமானால் வயர்லெஸ் |

## முதல் வழி: இருப்பதையே சீர்செய்தல்

செலவு மிகக் குறைவு, பலன் பல வீடுகளில் முழுமை. சென்சாரின் மூடியைத் திறந்து பாருங்கள். கோபிப் பக்கம் ஒரு வீட்டில் திறந்தபோது, வெள்ளைப் பஞ்சு போலச் சிலந்திக் கூடு ஒன்று சரியாக உணர் கண்ணாடியின் முன்னால் கட்டியிருந்தது. உள்ளே கடுகளவுகூட இல்லாத குஞ்சுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அத்தனை கிட்டத்தில் ஊரும் பூச்சி, சென்சாருக்கு அறையின் குறுக்கே நடக்கும் ஆளைப் போலத்தான் படும். மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, பின்பக்கம் கேபிள் வரும் ஓட்டையைச் சிலிக்கானால் அடைத்தோம். அந்த ஓட்டையை அடைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: ஆடிக் காற்று சுவர்க் குழாய் வழியாகச் சென்சாருக்குள் புகுந்து வெப்பத்தைக் கலைப்பதும் நின்றுவிடும். உணர் கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. லென்ஸை ஈரத் துணியால் துடைத்தால் போதும், தின்னரும் பெட்ரோலும் அதைக் கெடுத்துவிடும்.

கல்யாணத்துக்கோ பொங்கலுக்கோ வீட்டுக்கு வெள்ளையடித்த பிறகு சென்சார் 'செத்துப்போனதாக' வரும் அழைப்புகளில், லென்ஸ் மேல் எமல்ஷன் பூசப்பட்டிருப்பது வழக்கம். அரை மில்லிமீட்டர் அளவு பிளாஸ்டிக்கைத் தாண்டி வரும் வெப்பக் கதிர், பெயிண்ட் படலத்தைத் தாண்டாது.

பல்லியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் அது இல்லாத சுவர் இல்லை. சென்சாருக்குப் பக்கத்தில் ட்யூப்லைட் இருந்தால் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், பல்லி லென்ஸ் மேலேயே ஏறி நடக்கும். நாய், பூனையைத் தவிர்க்கும் லென்ஸ் இதற்கு உதவாது. அது தரையில் நடக்கும் பிராணிகளை விலக்குவதற்காகச் செய்யப்பட்டது. சென்சாரை விளக்கில்லாத மூலைக்கு நகர்த்துவதே மருந்து. நகர்த்தும்போது தரையிலிருந்து ஏழு அல்லது ஏழரை அடி உயரத்தில், ஆள் குறுக்கே நடக்கும்படியான மூலையைத் தேர்ந்தெடுங்கள். மேற்கு ஜன்னல், பூஜை விளக்கு, ஃப்ரிட்ஜின் முதுகு, இன்வெர்ட்டர் ஆகியவை எதிரே இருக்கக் கூடாது.

இந்த வழியின் மறைவான செலவு, பல்ஸ் கவுண்ட் என்ற சிறு ஜம்பரில் (இடம் மாற்றிச் செருகும் துண்டு) இருக்கிறது. ஒன்றில் இருப்பதை மூன்றுக்கு மாற்றினால் பொய்க் கத்தல் குறையும், 'சரிசெய்துவிட்டேன்' என்று வந்தவர் போய்விடுவார். ஆனால் ஆள் மூன்று பட்டையைக் கடந்தால்தான் இனி அலாரம் அடிக்கும். சிறிய அறையில் அதற்குள் அவர் பீரோவை அடைந்திருப்பார். ஜம்பரை மாற்றினால் உடனே வாக் டெஸ்ட் போட்டு, அறையின் ஒவ்வொரு வாசலிலிருந்தும் நடந்து, சிவப்பு விளக்கு எத்தனையாவது அடியில் மின்னுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மூடியைப் பூட்ட வேண்டும்.

## இரண்டாம் வழி: சென்சாரை மாற்றுதல்

இடம் மாற்றிய சோதனையில் பழுது சென்சாரோடு போனால் யோசிக்காமல் மாற்றுங்கள். சென்சாரின் சர்க்யூட்டைப் பழுதுபார்க்கும் கூலி புதிய பி.ஐ.ஆர். விலையை எட்டிவிடும். பத்து வருடத்தைத் தாண்டி, லென்ஸ் மஞ்சளாகி விறைத்துப்போன சென்சாரையும் மாற்றுவதே நல்லது. கழற்றும்போது பழைய சென்சாருக்குள் இருக்கும் முனை ரெசிஸ்டரை எடுத்துப் புதியதில் போட மறக்காதீர்கள். சிலர் வேலையைச் சுருக்க அதைப் பேனல் பெட்டிக்குள்ளேயே மாட்டிவிடுகிறார்கள். அலாரம் வேலை செய்வது போலவே தெரியும், ஆனால் யாராவது கேபிளை நடுவில் ஒட்டவைத்துவிட்டால் பேனலுக்கு அது தெரியவே தெரியாது.

இங்கே உண்மையான தேர்வு, அதே பி.ஐ.ஆர். வாங்குவதா, டூயல் டெக் வாங்குவதா என்பது. டூயல் டெக் என்பது வெப்பத்தைப் பார்க்கும் பி.ஐ.ஆரோடு, நுண்ணலையை அனுப்பி நகரும் பொருளிலிருந்து அது திரும்புவதைப் பார்க்கும் இன்னொரு உணரியும் சேர்ந்தது. இரண்டும் ஒருசேர ஒப்புக்கொண்டால்தான் அலாரம் அடிக்கும். வெயில் பட்டுச் சூடேறும் தரை, ஓட்டு இடுக்கில் வரும் சுடுகாற்று, லென்ஸ் மேல் ஊரும் சிறு பூச்சி ஆகியவற்றால் வரும் பொய்க் கத்தலை அது பெருமளவு நிறுத்துகிறது. ஓட்டு வீட்டுக்கும் கார் நிறுத்தும் கொட்டகைக்கும் நான் அதையே சொல்கிறேன்.

ஆனால் விலை சாதாரணத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு, மின்சாரமும் கூடுதலாக இழுக்கும். நுண்ணலை கண்ணாடியையும் மரக்கதவையும் மெல்லிய சுவரையும் ஊடுருவும். சுழலும் மின்விசிறியையும் பி.வி.சி. குழாயில் ஓடும் தண்ணீரையும்கூட நடமாட்டமாகப் பார்க்கும். ஆகவே அதன் எல்லையைக் குறைக்கும் திருகை அறையின் அளவுக்குத் திருப்பி வைக்க வேண்டும். அதைச் செய்யாமல் மாட்டிவிட்டுப் போவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

இன்னொரு தவறான எண்ணம் கடைக்காரர்களிடமே இருக்கிறது: கோடையில் சென்சார் ஆளைப் பிடிக்காவிட்டால் டூயல் டெக் போட்டால் சரியாகும் என்பது. மனிதத் தோலின் வெப்பம் 33, 34 டிகிரி. சித்திரைப் பகலில் தகரக் கூரைக்கடியில் சுவரும் அதே அளவுக்குச் சூடாகும்போது, ஆளுக்கும் பின்னணிக்கும் வித்தியாசமே இல்லாமல் பி.ஐ.ஆர். குருடாகிறது. இரண்டும் ஒப்புக்கொள்ள வேண்டிய டூயல் டெக்கிலும் அந்தப் பாதி குருடாகத்தானே இருக்கும். வெப்ப ஈடு செய்யும் வசதி உள்ள சென்சாரை வாங்குவதும், அந்த அறைக்குக் கதவு மேக்னெட் சென்சார் ஒன்றைக் கூடுதலாகப் போடுவதும் இதற்குச் சரியான வழி.

விசைத்தறி ஓடும் சோமனூர், பல்லடம் வட்டாரத்தினர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தறிக் கூடத்தோடு ஒட்டிய சுவரில் சென்சார் இருந்தால், அதிர்வில் திருகு முனைகள் தளரும், பஞ்சு லென்ஸ் மேல் படியும். அங்கே எவ்வளவு விலை உயர்ந்த சென்சார் போட்டாலும் அதே கதிதான். எதிர்ச் சுவருக்கு மாற்றிய பிறகே புதியதற்குப் பணம் போடுங்கள்.

## மூன்றாம் வழி: கேபிளை மாற்றுதல்

நான்கில் இதுவே உடம்பு நோகும் வழி. இதைத் தொடங்கும் முன் ஒன்று பாருங்கள்: உங்கள் கேபிள் ஆறு இழையா? ஆறில் நான்கு மட்டும் பயன்பட்டு, இரண்டு இழை வெட்டி மடக்கிக் கிடக்கலாம். கெட்ட இழைக்குப் பதில் அந்த உபரி இழையை மாற்றிப் பூட்டினால் பல நேரம் சுவரைத் தொடாமலே வேலை முடிந்துவிடும்.

எலியும் அணிலும் கடித்த கேபிள், ஈரம் ஏறிய கேபிள் என்றால் மாற்றத்தான் வேண்டும். ஈரத்தைக் கண்டுபிடிக்க, இரு முனையையும் கழற்றிவிட்டு இழைகளுக்கிடையே மின்தடையை அளந்து பாருங்கள். மீட்டர் எந்த எண்ணும் காட்டக் கூடாது. சில லட்சம் ஓமோ அதற்குக் குறைவாகவோ காட்டினால் உள்ளே தண்ணீர் இருக்கிறது.

புதிதாக இழுக்கும்போது முழுச் செம்பு கேபிள் என்று கேட்டு வாங்குங்கள்; அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது விலை குறைவு, ஆனால் திருகு முனையில் முறியும், விரைவில் களிம்பேறும். மோட்டார் கேபிளோடும் வீட்டு வயரிங்கோடும் ஒரே குழாயில் போடக் கூடாது. ஓரடியாவது தள்ளி ஓட வேண்டும். நடுவில் இணைப்பே இல்லாமல் ஒரே ஓட்டமாக இழுப்பது மேல்.

மறைவான செலவு எல்லாம் சுவரில் இருக்கிறது. கேபிள் குழாய்க்குள் ஓடினால் பழையதையே கயிறாகக் கட்டிப் புதியதை இழுத்துவிடலாம், அரை நாள் வேலை. குழாய் இல்லாமல் பூச்சுக்குள் புதைத்திருந்தால் கொத்து, பூச்சு, பெயிண்ட் என்று சென்சார் விலையைப் போலப் பல மடங்கு ஆகும். பழைய மண் சுவர் வீடுகளில் கொத்தவே கூடாது. வெளியே கேசிங் பட்டை அடித்துக்கொள்ளுங்கள். பார்வைக்குக் கொஞ்சம் உறுத்தும், ஆனால் சுவர் பிழைக்கும்.

## நான்காம் வழி: அந்த இடத்துக்கு மட்டும் வயர்லெஸ்

முழு அலாரத்தையும் கழற்றிப் போட்டுவிட்டு வயர்லெஸ் போடுவதை நான் யாருக்கும் எளிதில் சொல்வதில்லை. சுவருக்குள் நல்ல நிலையில் ஓடும் செம்பு ஒரு சொத்து. ஒரு சென்சாருக்காக அதை எறிய வேண்டியதில்லை. ஆனால் வயர்டு பேனலோடு வயர்லெஸ் ரிசீவர் ஒன்றைச் சேர்த்து, எட்டாத இடத்துக்கு மட்டும் வயர்லெஸ் போடுவது பல தோட்டங்களுக்குச் சரியான வழி.

அதற்கு மிக வலுவான காரணம் மின்னல். வீட்டிலிருந்து கட்டுத்தரைக்கோ மோட்டார் அறைக்கோ வெட்டவெளியில் ஓடும் கேபிள், பக்கத்துத் தென்னையில் இடி விழுந்தாலே பாய்ச்சலை வாங்கி நேராகப் பேனலுக்குள் கொண்டுவரும். சென்சார் ஒன்று போவதோடு நிற்காது, பேனலும் சேர்ந்து போகும். இரண்டு கட்டடங்களுக்கிடையே செம்பே இல்லாவிட்டால் அந்தப் பாதையே இல்லை. நிலத்தடியில் பெருச்சாளி, மேலே அணில் என்ற தொல்லையும் இல்லை.

கணக்கில் சேர்க்க வேண்டிய செலவுகள் இவை. ரிசீவர் பெரும்பாலும் பேனல் செய்த அதே நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும். பழைய பேனலுக்கு அது கிடைக்காமல் போகலாம். சென்சாருக்குள் இருக்கும் 3 வோல்ட் லித்தியம் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தீரும், சிற்றூர்க் கடையில் கேட்டவுடன் கிடைக்காது. கல்சுவரும் தகரக் கூரையும் அலையை மறிக்கும். துளை போடும் முன் சென்சாரைக் கையில் பிடித்து அந்த இடத்தில் சிக்னல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பேட்டரியை மிச்சப்படுத்த, ஒரு முறை ஆளைப் பார்த்த பின் பல வயர்லெஸ் சென்சார்கள் இரண்டு மூன்று நிமிடம் உறங்கும். இதை அறியாமல் அடுத்தடுத்து நடந்து பார்த்துவிட்டுப் பழுது என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு.

எல்லாவற்றையும்விட முக்கியம், 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று சென்சார் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு முறை பேனலுக்குச் சொல்லும் மேற்பார்வை வசதி. மலிவான 433 மெகாஹெர்ட்ஸ் சென்சார்கள் பலவற்றில் அது கிடையாது. பேட்டரி தீர்ந்தாலும், யாராவது கழற்றிப்போட்டாலும் பேனல் பேசாமல் இருக்கும். வயர்டு சென்சாரில் கம்பி அறுந்தாலே ஜோன் திறந்து பேனலுக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தக் காவலை இழந்துவிட்டு வாங்கும் வயர்லெஸ், விலை குறைந்ததாக இருந்தாலும் வேண்டாம்.

## பைபாஸ்

ஐந்தாவது வழி ஒன்றைப் பலர் முடிவெடுக்காமலே எடுத்துவிடுகிறார்கள்: தகராறு செய்யும் ஜோனை பைபாஸ் செய்துவிட்டு, அதாவது பேனல் அதைக் கவனிக்காதபடி விலக்கிவிட்டு, மற்றதை ஆன் செய்வது. சோதனை நடக்கும் ஒரு வாரத்துக்கு அது சரி. அதற்கு மேல் நீண்டால் அந்த அறைக்கு அலாரம் இல்லை என்று பொருள், அந்த வீட்டில் பழகிய வேலையாட்களுக்கும் அது தெரிந்துவிடும். பைபாஸ் போட்ட தேதியை அப்பாவைப் போல நாட்காட்டித் தாளில் எழுதிக் கண்ணில் படும் இடத்தில் குத்தி வையுங்கள்.

## எந்த வீட்டுக்கு எது

ஐந்து வருடத்துக்குட்பட்ட அலாரம், நகரத்து கான்கிரீட் வீடு, கேபிள் குழாய்க்குள் ஓடுகிறது என்றால் முதல் வழியிலேயே நின்றுவிடுங்கள். பேட்டரி, சுத்தம், இடம் ஆகிய மூன்றுக்குள் பழுது அகப்பட்டுவிடும். ஓட்டு வீடும் தொட்டிக்கட்டு வீடும் காற்றும் வெயிலும் புகும் வீடுகள். அங்கே கேபிள் நன்றாக இருக்குமானால் டூயல் டெக்குக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண் போகாது. மழைக்குப் பின் கத்தும் வீட்டில் சென்சாருக்கு ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள், கேபிளைப் பாருங்கள். பேனலே பன்னிரண்டு, பதினைந்து வருடப் பழையது, உதிரி பாகம் கிடைக்கவில்லை, டெக்னீஷியன் கடவு எண்ணும் யாரிடமும் இல்லை என்றால் பேனலை மட்டும் மாற்றி, பழைய கேபிளையும் நல்ல சென்சார்களையும் அதில் பூட்டிக்கொள்ளலாம். 12 வோல்ட் சென்சார்கள் எந்த நிறுவனப் பேனலோடும் பெரும்பாலும் ஒத்துப்போகும், ரெசிஸ்டரை மட்டும் புதிய பேனல் கேட்கும் மதிப்புக்கு மாற்ற வேண்டும்.

எங்கள் தோட்டத்து வீட்டில் இப்போது உள்ளே மூன்று வயர்டு சென்சார்கள், கட்டுத்தரையில் மேற்பார்வை வசதியுள்ள ஒரு வயர்லெஸ். அப்பா அமாவாசைக்கு அமாவாசை விளக்கேற்றிவிட்டு வாக் டெஸ்ட் போடுகிறார். ஆசாரத்தில் குறுக்கே நடந்து, சமையலறை வாசலில் நின்று திரும்பி, கட்டுத்தரைக்குப் போய் வருகிறார். நான்கு விளக்கும் மின்னினால் நாட்காட்டித் தாளில் ஒரு டிக். மின்னாவிட்டால் அன்றைக்கே எனக்குப் போன் வரும்.